ஜப்பானில் கொரியப் பள்ளிகள்: பிள்ளைகளின் பணத்தைப் பிள்ளைகளுக்கே கொடுங்கள்

2024 ஆகஸ்டில் ஜப்பானின் கோஷியென் மைதானத்தில், உயர்நிலைப் பள்ளிகளுக்கான பேஸ்பால் கோப்பையை கியோத்தோ சர்வதேசப் பள்ளி வென்றது. ஜெயித்த பள்ளியின் பாடலை மைதானத்தில் ஒலிக்கவிடுவது அங்கே வழக்கம். கொரியர்கள் தொடங்கிய இந்தப் பள்ளியின் பாடல் கொரிய மொழியில் இருக்கிறது. நாடு முழுக்க நேரலையில் கேட்டது. சுமார் 160 பேர் மட்டுமே படிக்கும் பள்ளி அது. வாழ்த்துகளோடு வெறுப்புப் பதிவுகளும் குவிய, கியோத்தோ ஆளுநரே கண்டிக்க வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் அது 2004இல் ஜப்பானியக் கல்விச் சட்டத்தின்கீழ் முறையான அங்கீகாரம் பெற்ற பள்ளி. இன்று அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியப் பிள்ளைகள். அதற்கே இந்த வரவேற்பு என்றால், அங்கீகாரம் இல்லாத மற்ற கொரியப் பள்ளிகளின் நிலை என்ன? எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. பிழைப்புக்காக வந்தவர்கள், சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று போர் முடிந்தபோது சுமார் 20 லட்சம் கொரியர்கள் ஜப்பானில் இருந்தார்கள். பெரும்பாலோர் ஊர் திரும்ப, சுமார் 6 லட்சம் பேர் தங்கிவிட்டார்கள். காலனி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் கொரிய மொழியைப் பள்ளிகளிலிருந்தே விரட்டியிருந்தார்கள். அதனால் பல பிள்ளைகளுக்குத் தாய்மொழி எழுதப் படிக்கத் தெரியாது. பெற்றோர்கள் தாங்களே இடம் பிடித்து, பாடநூல் அச்சடித்து, வகுப்பு நடத்தினார்கள்.

1948 ஜனவரியில் கொரியப் பிள்ளைகளும் ஜப்பானியப் பள்ளிக்கே போக வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. ஏப்ரலில் கோபே நகரில் பெற்றோர்கள் திரண்டு ஆளுநர் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். போருக்குப் பின் ஜப்பானைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த அமெரிக்க ராணுவம் அவசரநிலை அறிவித்தது. ஒசாகாவில் போலீஸ் சுட்டதில் கிம் தே-இல் என்ற 16 வயதுப் பையன் இறந்தான். தாய்மொழிப் பள்ளி கேட்டதற்காக ஒரு பிள்ளையின் உயிர் போயிருக்கிறது.

அடுத்த ஆண்டே பெரும்பாலான பள்ளிகளை மூடிவிட்டார்கள். 1955க்குப் பிறகு வட கொரியாவை ஆதரிக்கும் அமைப்பு ஒன்று அவற்றை மீண்டும் கட்டியெழுப்பியது. 1957 முதல் வட கொரியா பணமும் அனுப்பியது. கை கொடுத்தவர் பக்கம் சாய்ந்தார்கள். அந்தச் சாய்வுதான் இன்றுவரை அவர்கள்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு.

இனி பணத்துக்கு வருவோம். 2010இல் ஜப்பான் உயர்நிலைக் கல்விக் கட்டணத்துக்கு உதவித்தொகை கொண்டுவந்தது. அப்போது அரசுப் பள்ளிகளில் கட்டணத்தை நீக்கினார்கள். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு 1,18,800 யென் என்று வைத்தார்கள். வெளிநாட்டுப் பள்ளிகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: தூதரகம் உறுதிசெய்தவை, சர்வதேச அமைப்புகள் அங்கீகரித்தவை, தனியாகப் பரிசீலிக்க வேண்டியவை. வட கொரிய ஆதரவு அமைப்பு நடத்தும் இந்தக் கொரியப் பள்ளிகள் மூன்றாவது வகையில் விண்ணப்பித்தன. முடிவு வராமலே இழுத்தடித்து, 2013 பிப்ரவரியில் அந்த மூன்றாவது வகையையே விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அமெரிக்க முறைச் சர்வதேசப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு உதவித்தொகை கிடைத்தது, தென் கொரியப் பள்ளிக்கும் கிடைத்தது, இவர்களுக்கு மட்டும் இல்லை என்றானது. வழக்குப் போட்டார்கள். 2017இல் ஒசாகா மாவட்ட நீதிமன்றத்தில் மட்டும் ஜெயித்தார்கள். மேல்முறையீட்டில் அதுவும் போயிற்று. விதியை மாற்றுங்கள் என்று 2019இல் ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு சொல்லியும் அசையவில்லை.

சரி, எதிர்த்தரப்பின் வாதம் என்ன? வட கொரியா ஜப்பானியர்களைக் கடத்தியது உண்மை. அந்தக் குடும்பங்களின் துயரம் இன்னும் தீரவில்லை. இந்தப் பள்ளிகளின் உயர்நிலை வகுப்பறைகளில் வட கொரியாவின் கிம் தலைவர்களின் படங்களை மாட்டியிருந்ததும் உண்மைதான். எனக்கும் அது பிடிக்காது. கேள்வி கேட்கட்டும், பாடநூல்களை விமர்சிக்கட்டும். ஆனால் அந்தக் கடத்தலுக்கும் ஒசாகாவில் பிறந்து வளர்ந்த 15 வயதுப் பெண்ணுக்கும் என்ன தொடர்பு? அவளுடைய அப்பாவும் அம்மாவும் மற்றவர்களைப் போலவே வரி கட்டுகிறார்கள்.

தோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் பிள்ளைகளை இந்தியப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். அதை யாரும் விசுவாசத்துக்கான சோதனையாக ஆக்குவதில்லை. கொரியப் பிள்ளைகளையோ 2009இல் கியோத்தோவில் ஒரு கும்பல் அவர்களுடைய தொடக்கப் பள்ளி வாசலில் ஒலிபெருக்கி வைத்து ஏசியது. உள்ளே சின்னஞ்சிறு பிள்ளைகள் இருந்தார்கள். அது இனப் பாகுபாடுதான் என்று 2013இல் நீதிமன்றம் சொல்லி, சுமார் 1 கோடியே 20 லட்சம் யென் இழப்பீடு தரச் சொன்னது. அரசே ஒதுக்கிவைத்த பள்ளியைக் கும்பல் மதிக்குமா?

உதவித்தொகை வேறு எங்காவது போய்விடும் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனால் அவர்களுடைய சட்டப்படியே பணத்துக்கு உரியவர் மாணவர். மாணவரின் சார்பில் பெற்றுக்கொள்வதுதான் பள்ளியின் வேலை. பள்ளியை நம்பவில்லையா? பெற்றோரின் வங்கிக் கணக்கில் போடுங்கள், கட்டண ரசீதைக் கேளுங்கள்.