மணிக்கூலி மட்டும் உயர்ந்தால் போதாது

சில்லறைக் கடை நிறுவனமான வால்மார்ட் 2023-ல் அமெரிக்கக் கடைகளில் குறைந்தபட்ச மணிக்கூலியை 12 டாலரிலிருந்து 14 ஆக்கியதைப் பாராட்டும் ஒரு கட்டுரையைப் படித்தேன். நல்லதுதான். 2009-லிருந்து அமெரிக்கக் கூட்டரசின் (மத்திய அரசின்) குறைந்தபட்ச மணிக்கூலி 7.25 டாலரிலேயே நிற்கிறது.

ஆனால் தொழிலாளி வீட்டுக்குக் கொண்டுபோவது வாரச் சம்பளம். 12 டாலரில் 34 மணி நேரம் வேலை செய்தால் 408 டாலர். 14 டாலரில் 29 மணி நேரம்தான் கிடைத்தால் 406. கூலி ஏறியும் இரண்டு டாலர் நஷ்டம்! 29 என்பதும் சும்மா சொன்ன எண் இல்லை. வாரம் சராசரி 30 மணி நேரம் வந்தால் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி ஒருவர் முழுநேரத் தொழிலாளி; பெரிய நிறுவனம் காப்பீடு தராவிட்டால் அபராதம் கட்ட நேரலாம். அதனால்தான் பல இடங்களில் வார வேலை நேரத்தை 30-க்குக் கீழேயே நிறுத்துகிறார்கள்.

போனஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018-ல் அமேசான் குறைந்தபட்ச மணிக்கூலியாக 15 டாலர் அறிவித்தபோது கிடங்குத் தொழிலாளர்களுக்குக் கிடைத்துவந்த மாத போனஸும் நிறுவனப் பங்குகளும் நின்றுபோயின. பழைய ஊழியர் நிலையும் கஷ்டம். அடிக்கூலி 14 டாலர் ஆனால், ஐந்து வருடத்தில் 14.50-க்கு வந்தவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் வித்தியாசம் ஐம்பது சென்ட்தான். அடிக்கூலியோடு மேல்படிகளையும் நகர்த்தாவிட்டால் அனுபவசாலிகள்தான் முதலில் கிளம்புவார்கள்.

இதற்கு வழி உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரச் சட்டப்படி 2017 முதல் பெரிய சில்லறைக் கடைகள் 14 நாள் முன்பே ஷிஃப்ட் அட்டவணை தர வேண்டும். புது ஆள் எடுக்கும் முன் கூடுதல் நேரத்தை இருப்பவர்களுக்குத் தர முன்வர வேண்டும். கூலி உயர்வோடு இந்த இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். உயர்வு வந்த பிறகு, முந்தைய எட்டு வாரச் சம்பளச் சீட்டையும் பிந்தைய எட்டு வாரச் சீட்டையும் பக்கத்தில் வைத்து மொத்த மணி நேரத்தை முதலில் ஒப்பிடுங்கள்.