பழைய இரும்பு பொறுக்கிற மிஷனா?

ஞாயிற்றுக்கிழமை கேம் விளையாடின லைவ் பார்த்த ஆக்களுக்கு நான் யாரைச் சொல்லுறன் எண்டு விளங்கும். பேர் போடேல்ல. தம்பி முறையான ஆள், நாளைக்கும் என்.சி. வீதியில முகத்தில முழிக்க வேணும்.

மாஸ் எஃபெக்ட் 2 எண்ட விண்வெளி வீடியோ கேம். நார்மண்டி எண்ட விண்கப்பல் விழுந்து நொறுங்கிக் கிடக்கிற அல்கெரா கிரகம். எங்கட ஆள் இறங்கினதுமே ஓட்டம். "சண்டை இல்லாத மிஷன் என்னத்துக்கு? பழைய இரும்பு பொறுக்கவா?" எண்டு கேட்டுக்கொண்டு 20 டாக்கையும், அதுதான் அடையாளத் தகடு, அள்ளிக்கொண்டு வந்திட்டார். கீழ ஒரே சிரிப்பு இமோஜி. நல்லது, சாதனைதான்.

ராசா, சண்டை இல்லாததுதான் அந்த மிஷன். வேற ஒண்டுமே இல்லை. கேம் தொடங்கேக்கையே கப்பலை அடிச்சு உடைக்கிறாங்கள், கப்பல் தலைவர் ஷெப்பர்டும் சாகிறார்; நாங்கள் விளையாடுற ஆள் அவர்தான். ரெண்டு வருசம் கழிச்சு உயிரோட வந்து தன்ர கப்பலையே தேடிப் போறார். காணாமல் போன 20 பேரின்ர அடையாளத் தகட்டை எடுக்க வேணும், ஒரு நினைவுச்சின்னம் வைக்க வேணும். அவ்வளவுதான் வேலை. சுடுறதுக்கு ஒருத்தனும் இல்லை. சில இடத்தில நிண்டா, பழைய கப்பல் ஒரு நொடி கண்ணுக்கு முன்னால வந்திட்டுப் போகும். நிண்டாத்தானே!

"கேம் தானே அண்ணை, ஏன் டென்ஷன்?" எண்டு ஒருத்தர் இன்பொக்ஸில. கேம்தான். கேம் தானே எண்டா ஏன் விடிய மூண்டு மணி மட்டும் முழிச்சிருந்து விளையாடுறீங்கள்?

இன்னொருத்தர், நேரம் இல்லையாம். அதுக்குப் பதில் இல்லை.

மூண்டாமவர்தான் விஷயத்துக்கு வந்தவர். "ஆமிக் கப்பலுக்கு ஒரு திருகோணமலைத் தமிழன் ஏன் அழுறான்?" எண்டு கேட்டிருந்தார். லைக்கும் நல்லா விழுந்திருக்கு. ஓம், ஆமிக் கப்பல்தான், மறுக்கேல்ல. அந்தக் கப்பலில பிரஸ்லி எண்டு ஒரு அதிகாரி. வேற்றுக்கிரக ஆக்களைக் கப்பலில ஏத்தினது அவருக்குத் துண்டாப் பிடிக்காது. அவர்ர குறிப்பு அங்க பனிக்குள்ள கிடக்குது. வாசிச்சுக்கொண்டு போனா, கடைசியில அதே ஆக்களுக்காகச் சாகவும் தயார் எண்டு எழுதியிருப்பார். எழுதின மனுசன் இல்லை, எழுத்து மட்டும் இருக்கு. அதை வாசிச்ச பிறகும் எனக்கு ஆமி, ஆமியில்லை எண்டு பிரிச்சுப் பார்க்கத் தெரியேல்ல. உங்களுக்குத் தெரிஞ்சா கெட்டிக்காரர்தான்.

பழைய இரும்பு எண்ட சொல்லுத்தான் என்னைச் சுட்டது.

அம்மா மூதூர்ப் பக்கம் சம்பூர். 2006 யுத்தத்தில உடுத்த உடுப்போட வெளிக்கிட்டு, பத்து வருசம் கழிச்சுத்தான் காணிக்குத் திரும்பிப் போனம். வீடு இல்லை, பத்தை. வெட்டிக்கொண்டு போகேக்க அம்மாவின்ர தையல் மிஷின்ர தலை மண்ணுக்குள்ள குப்புறக் கிடந்தது. சில்லு சுத்தாது, ஊசி இருந்த இடத்தில எறும்புப் புத்து. இரும்புக்காரன் தராசோட வந்தவன். வாளி, தகரம், கட்டில் கால் எல்லாத்தோடயும் அதையும் தூக்கி வைச்சான். "அக்கா, இதுவும் இரும்புதானே." அம்மா ஒண்டும் கதைக்கேல்ல. தராசில இருந்து இறக்கி, சீலைத் தலைப்பால அந்தச் சின்னப் பித்தளைத் தகட்டைத் துடைச்சா. நம்பர் தெரிஞ்சது. இண்டைக்கும் அது சாமித்தட்டுக்குக் கீழதான் இருக்கு.

இதை ஏன் எழுதுறன் எண்டு எனக்கே தெரியேல்ல. கேமைப் பற்றி எழுத வந்தனான்.

சரி, இன்னொண்டு. 1942 ஏப்ரல் 9, ஜப்பான்காரன் போட்ட குண்டில சகாயிங் எண்ட வெள்ளைக்காரக் கப்பல் எங்கட துறைமுகத்தில பத்தினது. 2018 இல கடற்படை அதைத் தூக்கேக்க, பாசி பிடிச்ச அந்தப் படத்தைப் போட்டு "சரித்திரம்" எண்டு எழுதினது யார்? நீதான் தம்பி. அது சரித்திரம், இது பழைய இரும்பா? உப்புவெளியில வெள்ளைக்காரன்ர யுத்த மயானத்தில ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில புல்லு வெட்டி, பூக்கண்டு வைச்சிருக்கு. சின்ன வயசில சைக்கிளை வெளியில சாத்திப்போட்டு உள்ள போய்ப் பேர் வாசிச்சிருக்கிறன். 19 வயசு, 20 வயசு. எங்கட ஆக்கள்ர கல்லெல்லாம் எங்க எண்டு இங்க எழுத மாட்டன். எழுதினா நாளைக்கு வேற ஆக்கள் இன்பொக்ஸுக்கு வருவினம்.

லைவை அழிக்கச் சொல்லேல்ல. உன்ர சனல், உன்ர விருப்பம். திரும்பவும் போட்டுப் பார்த்தன். ஷெப்பர்டின்ர உடைஞ்ச ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில ஒரு நாலு செக்கன் நீயும் நிண்டனி. வாயும் திறக்கேல்ல. பிறகு ஆரோ கொமென்டில "ஓடு ப்ரோ" எண்டு போட, ஓடினாய்.

போன மாசம் வாங்கிக்கொண்டு போன கொன்ட்ரோலரை வெள்ளிக்கிழமைக்குள்ள கடைக்குக் கொண்டுவந்து தா. சார்ஜரோட.