‘கெதார்’ என்ற வினைச்சொல்லும் நம் ‘எனக்கு’வும்

ஸ்பானிஷ் கற்கத் தொடங்குபவர்கள் விரைவிலேயே எதிர்கொள்ளும் வினைச்சொற்களில் ஒன்று ‘கெதார்’. அகராதியைத் திறந்தால் எஞ்சு, தங்கு, அமைந்திரு, பொருந்து, சந்திக்க முடிவுசெய் என்று பொருள்கள் நீண்டுகொண்டே போகும். அவற்றை வரிசையாக மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கருத்து. அச்சொல்லுக்கு அருகில் என்ன வந்து நிற்கிறது என்று பார்த்துப் பழகினால், பொருள் பெரும்பாலும் தானாகவே பிடிபட்டுவிடும்.

இதில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தின் வழியாகக் கற்கும்போது அதை நாமே கைவிட்டுவிடுகிறோம். ‘மே கேதான் தோஸ் தீயாஸ்’ என்றால் ‘எனக்கு இரண்டு நாட்கள் மிச்சம் இருக்கின்றன’ என்று பொருள். ‘மே’ என்பது நம்முடைய ‘எனக்கு’. எழுவாய் நாட்கள்தான் என்பதால் வினையும் ‘கேதான்’ என்று பன்மையில் நிற்கிறது, ஒரே நாள் என்றால் ‘மே கேதா உன் தீயா’ என்று ஒருமைக்கு வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதே செய்திக்கு ‘நான்’ எழுவாயாகிவிடுவதால், அவ்வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுபவர்கள் வினையைத் தன்மைக்கு மாற்றித் தடுமாறுவார்கள். நான்காம் வேற்றுமையோடு வளர்ந்த நமக்கு அந்தத் தடுமாற்றம் எதற்கு? ஆடை பொருந்துவதைச் சொல்லும் ‘தே கேதா பியென்’ என்பதும் இதே அமைப்புதான்: ‘உனக்கு நன்றாக இருக்கிறது’.

‘தன்னை’ என்பது போன்ற ‘சே’ என்னும் ஒட்டு சேர்ந்து ‘கெதார்சே’ ஆகும்போது, ஓரிடத்திலேயே இருந்துவிடுவதையும் ஒரு நிலைக்குப் போய்ச் சேர்வதையும் அது குறிக்கிறது. ‘சே கெதோ தொர்மீதோ’ என்பதைத் ‘தூங்கிப்போய்விட்டான்’ என்று சொன்னால், அந்தச் ‘சே’ செய்யும் வேலையில் பெரும்பகுதியை நம் துணைவினைகள் செய்துவிடுகின்றன. (அமைதிப்படுத்துதலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இவ்வினை, ஒன்று நடந்து முடிந்து அடங்கிய பின் இருக்கும் நிலை என்ற சாயல் இதன் பல பொருள்களில் தெரிகிறது.)

நாட்டுக்கு நாடு வழக்கும் மாறும். லத்தீன் அமெரிக்காவில் ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்க ‘தோந்தே கேதா’ என்பது மிகச் சாதாரணம். ஸ்பெயினில் ‘கெதாமோஸ் அ லாஸ் ஓச்சோ’ என்றால் எட்டு மணிக்குச் சந்திப்போம் என்று பேசி வைத்துக்கொள்வது.

பட்டியல் முறை அடியோடு தோற்பது நம் ‘ஓடு’, ‘உடன்’ போன்ற ‘கோன்’ என்னும் சிறு சொல் சேரும்போதுதான். கடையில் இரண்டு சட்டைகளைப் பார்த்துவிட்டு ‘மே கேதோ கோன் லா அசூல்’ என்பவர், நீலத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். அதே ‘கோன்’ ஓர் ஆளோடு சேர்ந்து, ஸ்பெயின் நண்பர் ஒருவர் ‘தே எஸ்தாஸ் கெதாந்தோ கோன்மீகோ’ என்று சிரித்தால், ‘என்னைக் கலாய்க்கிறாயா?’ என்று கேட்கிறார். ‘தங்கு’ என்ற பொருளை மட்டும் படித்தவரோ, யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.