ஆம்ப்பா, ஸ்பீக்கரா? பாட்டு எந்த ஒலியளவில் கெடுகிறது என்று முதலில் கேளுங்கள்

கார் ஆடியோவில் கை வைக்க நினைக்கும் நண்பர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். "இருக்கிற பணத்துக்கு ஒண்ணுதான் முடியும். ஆம்ப் போடவா, ஸ்பீக்கரை மாத்தவா?" ஆம்ப் என்றால் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கருக்கு அதிக பவர் கொடுக்கும் தனிக் கருவி. கடையில் கேட்டால் ஸ்டாக்கில் எது அதிகம் இருக்கிறதோ அதுவே பதிலாக வரும். யூடியூபில் கேட்டால் இரண்டையும் வாங்கச் சொல்வார்கள், கூடவே அடி ஒலிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஒன்றையும்.

நான் பதில் சொல்வதற்கு முன் ஒன்று கேட்பேன்: உங்கள் காரில் பாட்டு எந்த ஒலியளவில் கெடுகிறது?

காரை நிறுத்திவிட்டு ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், லவுட்னெஸ் எல்லாவற்றையும் அணையுங்கள். முன், பின் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரிக்கும் ஃபேடரை முழுக்க முன்பக்கம் தள்ளுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை, பக்கத்து சீட்டுக்காரரோடு கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசினால் கேட்கும் அளவுக்கு வையுங்கள். அந்த ஒலியிலேயே பாடுகிறவருக்குச் சளி பிடித்ததுபோல் இருக்கிறதா? மிருதங்கத்தில் இடது பக்கம் எது, வலது பக்கம் எது என்று பிரிக்க முடியவில்லையா? அப்படியானால் ஆம்ப் உங்களைக் காப்பாற்றாது. மந்தமான ஸ்பீக்கருக்கு அதிக பவர் கொடுத்தால், அந்த மந்தம்தான் இன்னும் சத்தமாகக் கேட்கும். மாறாக, இந்த அளவில் எல்லாம் தெளிவாக இருந்து, ஒலியைக் கூட்டும்போது மட்டும் குரல் கரகரத்து 'ஸ'கரம் காதைக் குத்துகிறதென்றால் சந்தேகப்பட வேண்டியது பவரை.

ரொம்பத் தாழ்வாக வைத்துச் சோதிக்க வேண்டாம். ஒலி குறையக் குறைய நம் காதுக்கு பாஸ், அதாவது அடி ஒலி, அதிகமாகக் குறைந்து கேட்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். காது செய்கிற வேலைக்கு ஸ்பீக்கரைக் குற்றம் சொல்லக் கூடாது.

இப்போது வாட்ஸ் கதைக்கு வருவோம். டேஷ்போர்டில் மாட்டும் ஸ்டீரியோவின் அட்டைப்பெட்டியில் '50 வாட்ஸ் × 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த 50 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது கிடைப்பது அதிகபட்சம் 14.4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அதை 4 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கரில் அப்படியே முழுசாக இறக்கினால் 14.4-இன் வர்க்கத்தை நாலால் வகுத்து, சுமார் 52 வாட்ஸ். ஆனால் அது இசை இல்லை. அலையின் தலையையும் காலையும் வெட்டிச் சதுரமாக்கிய வெறும் இரைச்சல். ஒழுங்கான அலையாக வெளியே வந்தால் கணக்குப்படியே 26 வாட்ஸ்தான், உள்ளே ஏற்படும் இழப்புகள் போக நடைமுறையில் 20-ஐ ஒட்டி நிற்கும். நம்ப வேண்டியது ஆர்எம்எஸ் எண்ணை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவரை மட்டும். ஆம்ப் வாங்கும்போது சிடிஏ-2006 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 விழுக்காட்டுக்கு மேல் சிதைவு இல்லாமல் அளந்த எண் அது. (பெயரில்தான் 2006. அந்தத் தரநிலை வந்தது 2003-இல்.)

சரி, 20 வாட்ஸ் போதாதா? நின்ற காரில் தாராளமாகப் போதும். சிக்கல் ஓடும்போதுதான். நெடுஞ்சாலையில் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் சேர்ந்து உள்ளே 70 டெசிபல் வாக்கில் இருக்கும். பாட்டு அதற்கு மேலே எழ வேண்டும். பாட்டு என்பதும் ஒரே மட்டத்தில் போகிற விஷயம் இல்லை. ஒரு டிரம் அடி விழும் கணத்தில் சராசரியைவிட 10 டெசிபல், சில ஒலிப்பதிவுகளில் அதற்கும் மேலே துள்ளும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு பவர். சராசரியாக 2 வாட்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் அந்த ஒரு அடிக்கு 20 வாட்ஸ் வேண்டும். நீங்கள் இன்னும் 3 டெசிபல் கூட்டினால் அதே அடிக்கு 40 வேண்டும். ஸ்டீரியோவிடம் இல்லை. எனவே அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. கரகரப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆம்ப்பின் உண்மையான வேலை சத்தத்தைக் கூட்டுவது என்பதைவிட, இந்த உச்சிகளை முழுசாக விடுவதுதான். 75 வாட்ஸ் ஆம்ப் போட்டால் நாலு மடங்கு சத்தம் கேட்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கூடுவது 6 டெசிபல்கூட இல்லை. காதுக்கு இரு மடங்காகத் தெரியவே ஏறத்தாழ 10 வேண்டும்.

இதே கணக்கை ஸ்பீக்கர் பக்கமிருந்து பார்க்க ஏனோ யாரும் மெனக்கெடுவதில்லை. ஸ்பீக்கர் பெட்டியில் '300 வாட்ஸ்' என்று இருப்பது அது தாங்கும் அளவு, தரும் அளவு இல்லை. நீங்கள் தேட வேண்டிய எண் சென்சிட்டிவிட்டி: 1 வாட்ஸ் கொடுத்தால் 1 மீட்டரில் எத்தனை டெசிபல். 88 உள்ள ஸ்பீக்கரை விட்டுவிட்டு 91 உள்ளதை எடுத்தால், பவரை இரட்டிப்பாக்கிய பலன் செலவில்லாமலே கிடைக்கிறது. ஆம்ப் போடும் எண்ணமே இல்லாதவர்கள் இந்த ஒரு எண்ணைப் பார்த்து வாங்கினாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். இதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. சில நிறுவனங்கள் 1 வாட்ஸுக்குப் பதில் 2.83 வோல்ட்டில் அளந்து போடும். 8 ஓமில் அது 1 வாட்ஸ்தான், ஆனால் கார் ஸ்பீக்கரின் 4 ஓமில் 2 வாட்ஸ். சும்மாவே 3 டெசிபல் ஏறிவிடும்.

கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு விலை உயர்ந்த ஜோடியைப் போட்டபின் "முன்னாடியே சத்தம் அதிகமா இருந்துச்சே" என்று புலம்புகிறவர்கள் உண்டு. அவர்கள் காதில் கோளாறு இல்லை. கம்பெனி ஸ்பீக்கரின் காகிதக் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) லேசானது, குறைந்த பவரிலேயே துள்ளும். சில கார்களில் அது 2 ஓமாகவும் இருக்கும். அங்கே 4 ஓம் போட்டால் அதே வோல்ட்டேஜில் பாதி பவர்தான் போய்ச் சேரும். கனமான கோனும் ரப்பர் விளிம்பும் கொண்ட உயர்தர ஸ்பீக்கர்கள் பல, ஆம்ப் இருக்கும் என்று நம்பியே செய்யப்பட்டவை. அவற்றை வெறும் ஸ்டீரியோவில் மாட்டுவது காசைக் கரியாக்குவது.

இனி, இந்தச் சண்டையில் யாரும் பேசாத மூன்றாவது ஆள்: கதவு. வீட்டு ஸ்பீக்கருக்கு ஒரு மரப்பெட்டி இருக்கிறது. காரில் அந்தப் பெட்டியின் வேலையைச் செய்ய வேண்டியது கதவுதான். அதன் உள்தகட்டிலோ கை நுழையும் அளவு ஓட்டைகள். கோன் முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. பின்பக்கம் எழும் அந்த அலை ஓட்டை வழியாக வெளியே வந்து முன்பக்க அலையோடு மோதினால் பாஸ் அங்கேயே காலி. ஓட்டைகளை மூடி, வெளித்தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் இடையில் இடைவெளி இல்லாமல் ஃபோம் வளையம் வைத்தால் பழைய ஸ்பீக்கரே வேறு ஸ்பீக்கராகிவிடும். ஜன்னல் கண்ணாடி இறங்கும் வழியையும் தண்ணீர் வடியும் துளைகளையும் மட்டும் அடைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கருக்கு வைத்திருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கதவுக்கு ஒதுக்குங்கள் என்பேன். வெளியே தெரியாத செலவு என்பதால் பலருக்கு மனசு வராது.

காசே செலவில்லாத இரண்டு வேலைகளும் உண்டு. ஸ்டீரியோ மெனுவில் ஹைபாஸ் ஃபில்டர் (குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலியைத் தடுப்பது) இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் கோன் நாலு மடங்கு தூரம் அசைய வேண்டும். கதவு ஸ்பீக்கரால் ஆகாத அந்த வேலையை எடுத்துவிட்டாலே, மிச்சம் எல்லாம் சுத்தமாகிவிடும். பவர் போதவில்லை என்று நினைத்த சிலருக்கு ஆம்ப்பே தேவைப்படாமல் போவதும் இங்கேதான். இரண்டாவது, ஸ்பீக்கர் வயரின் பிளஸ் மைனஸ். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பாஸ் காணாமல் போகும், பாடுகிறவர் நடுவில் நிற்காமல் இருபுறமும் சிதறுவார். 1.5 வோல்ட் பேட்டரியை வயரில் ஒரு கணம் தொட்டால் இரண்டு பக்கக் கோனும் ஒரே திசையில் துள்ள வேண்டும்.

ஆக, பெரும்பாலானவர்களுக்கு என் வரிசை: கதவு, முன்பக்க ஜோடி, பிறகு தேவைப்பட்டால் ஆம்ப். பின்பக்க ஸ்பீக்கரில் பணம் போடவே வேண்டாம், மேடை முன்னால்தானே இருக்கிறது. ஏற்கெனவே நல்ல ஸ்பீக்கரோடு வந்த கார் என்றாலோ, நெடுஞ்சாலையிலேயே நாள் கழிப்பவர் என்றாலோ மட்டும் ஆம்ப்பை முன்னால் கொண்டு வருவேன். அப்போதும் 50 முதல் 75 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் சின்ன நாலு சேனல் கிளாஸ் டி வகை ஆம்ப் போதும். ஆம்ப்பில் இருக்கும் கெயின் திருகை (ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்பைப் பொருத்துவது) வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பாதீர்கள். திருப்பினால் ஸ்டீரியோவில் விட்டுவந்த கரகரப்பை ஆம்ப்பில் திரும்ப உண்டாக்குவீர்கள். வயர் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினிய வயரைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அதே தடிமனில் அது கடத்துவது வெகுவாகக் குறைவு. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம். ஆம்ப்பைக் காப்பதற்காக அல்ல, வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் கார் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக.