பக்கிங்காம் கால்வாய் ஒரு சாக்கடை இல்லை, வடிகாலும் இல்லை

ஐப்பசி பிறப்பதற்கு முன்னாலேயே சென்னையில் ‘பக்கிங்காம் கால்வாயைத் தூர்வாரிட்டாங்களா?’ என்ற கேள்வி கிளம்பிவிடும். நியாயமான கேள்விதான். ஆனால் அதை வடிகால் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறோம். அது படகு போவதற்காக வெட்டிய கால்வாய்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டியது முதல் துண்டு. 1837-இல் அரசு எடுத்துக்கொண்டு, வடக்கே ஆந்திரக் கரை, தெற்கே மரக்காணம் என்று நீட்டிக்கொண்டே போனது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நடுத்துண்டு, தாது வருஷப் பஞ்சத்தில் கூலி தேடி வந்த சனங்கள் வெட்டியது. 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. உப்பும் விறகும் படகில் வந்த காலம். பேசின் பிரிட்ஜின் ‘பேசின்’ படகு நிற்கிற துறை. ‘சால்ட் கோட்டர்ஸ்’ என்றால் உப்புக் கொட்டாரம், அதாவது உப்புக் கிடங்கு. பெயர் மட்டும் ரயில்வேக்குப் போய்விட்டது.

படகுக்கு வாட்டம், அதாவது சரிவு, ஆகாது. தண்ணீர் ஓடினால் எதிர்த்து இழுக்க வேண்டும், அதனால் மட்டமாக வெட்டினார்கள். கடல் வற்றும்போது ஆற்றோடு சேர்ந்து கால்வாயும் வற்றிப் படகு தரைதட்டாமல் இருக்க, ஆறு சேரும் இடங்களில் லாக் என்கிற கதவுமதகு. மழைநீர் வடிய என்னென்ன வேண்டுமோ அதில் ஒன்றுகூட இந்த வடிவமைப்பில் கிடையாது.

அப்படியானால் தண்ணீர் எதனால் நகர்கிறது? ஓதத்தால், அதாவது கடல் ஏறி இறங்குவதால். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சென்னையில் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர். கால்வாயை இயக்குவது அந்த ஒரு மீட்டர்தான். நடுத்துண்டில் கூவம் பக்கமிருந்தும் அடையாறு பக்கமிருந்தும் ஓதம் ஏறி, இடையில் எங்கோ முட்டி நிற்கும். நீர் நின்ற இடத்தில் சேறு படியும். எத்தனை முறை வாரினாலும் அதே இடத்தில்தான் மறுபடி மேடு தட்டும்.

போதாததற்கு நடுவில் பறக்கும் ரயிலின் தூண்கள். 25 மீட்டர் இருந்த அகலம் சில இடங்களில் 10 மீட்டராகிவிட்டது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் போய்ப் பாருங்கள்: தலைக்குமேல் கான்கிரீட் தளம், பொக்லைனின் கை நிமிர இடமில்லை. மிதவை இயந்திரம் இறக்கினால் தூணுக்குத் தூண் மாட்டுகிறது. தூணைச் சுற்றி மிச்சமாகும் சேற்றில் பிளாஸ்டிக் சிக்கும், அதன்மேல் இன்னும் சேறு. வாரியதையும் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையே திருப்பி உள்ளே தள்ளிவிடும். (லாரி வாடகை மிச்சம், வேறென்ன.)

தெற்கே வேறு சிக்கல். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடு என்ற ஓடை வழியாகக் கால்வாயில் இறங்குகிறது. கிழக்கே கடல் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க, இது மட்டமான கால்வாயில் தெற்கே திரும்பிப் பத்து கிலோமீட்டருக்கு மேல் போய் முட்டுக்காட்டில்தான் வெளியேற வேண்டும். ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) ஏன் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கிறது என்பதற்குப் பாதி பதில் இதுதான்.

என் கணக்கில் முதல் செலவு ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்துக்குத்தான் போக வேண்டும். நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால்தான் மெரினா இவ்வளவு அகலம். அதே மணல்தான் கூவத்தின் வாயையும் அடைக்கிறது. வாய் அடைபட்டால் உள்ளே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் குட்டைதான் ஆழமாகும்.

அடைப்பைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஆகாயத்தாமரை உப்புத் தண்ணீரில் பிழைக்காது. கால்வாயில் அது பச்சைப்பசேலென்று மண்டியிருந்தால், அங்கே கடல்நீர் எட்டவில்லை, வீட்டுக் கழிவுநீர்தான் நிற்கிறது என்று அர்த்தம். ஓதம் ஏறும் நேரமாகப் பார்த்துப் பாலத்தில் நில்லுங்கள். மிதக்கும் தெர்மோகோல் துண்டு ஆற்றிலிருந்து கால்வாய்க்குள் நகர்ந்தால் அந்தப் பகுதியில் இன்னும் உயிர் இருக்கிறது. அசையாமல் கிடந்தால், பொக்லைனை அங்கே கொண்டுபோவதற்கு முன் கடற்கரைக்கு அனுப்புங்கள்.