சாவியில் ஏன் கை வைக்கிறீர்கள்?

போக்குவரத்து போலீஸ் வண்டியை ஓரங்கட்டியதுமே சாவியை உருவுகிற வழக்கம் எப்போதுதான் ஒழியுமோ! மோட்டார் வாகனச் சட்டம் 130ஆம் பிரிவு, சீருடையில் இருக்கும் போலீஸ் கேட்டால் லைசென்ஸைக் காட்டச் சொல்கிறது. சரி, காட்டுகிறோம். சாவியைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. லைசென்ஸைப் பறிமுதல் செய்தால்கூட 206ஆம் பிரிவின்படி தற்காலிக ஒப்புகைச்சீட்டு தர வேண்டும். அதை வைத்து வண்டி ஓட்டலாம். யார் தருகிறார்கள்?

அரசின் மின்னணு ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் ஆர்சி காட்டினால் "ஒரிஜினல் எங்கே?" என்று கேள்வி. மின்னணு ஆவணம் செல்லும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 139ஐ 2018லேயே திருத்தியாகிவிட்டது. ஹெல்மெட் இல்லையா, 1000 ரூபாய் தாராளமாகப் போடுங்கள். ஆனால் இ-சலான் மெஷினில் அடித்துப் போடுங்கள், சார். "ரசீது வேண்டாம்னா குறைச்சுக்கலாம்" என்பது அபராதமே இல்லை.