அம்மா வீட்டில் குடியிருக்கிறேன்

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் வரும், ஆறு மணிக்குள் நின்றுவிடும். ஐந்து மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து அம்மா போன் பண்ணுவாள். "ஏட்டி, தண்ணி பிடிச்சியா? முதல்ல அடுக்களை டிரம்மை நிரப்பு." அவள் இருக்கும் முதியோர் இல்லத்தில் எந்நேரமும் குழாயில் தண்ணீர் வருகிறது. அந்நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எழுந்துவிடுகிறாள். நாற்பது வருஷம் இந்த வீட்டுக்குத் தண்ணீர் பிடித்தவள் ஆயிற்றே.

அவர்கள் இரண்டு பேரும் அங்கே போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு மறதி நோய். 1971-ல் திருநெல்வேலியிலிருந்து பம்பாய் வந்தவர். ஐம்பது வருஷமாகப் பேசிய இந்தியும் மராத்தியும் இரண்டே வருஷத்தில் அவரை விட்டுப் போய்விட்டன. தமிழ் மட்டும் மிஞ்சியது. பார்த்துக்கொள்ள வைத்திருந்த பெண் "பாபா, பானி?" என்று டம்ளரை நீட்டுவாள். அவர் மிரண்டுபோய் அம்மாவைத் தேடுவார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அம்மாவுக்கு முழங்கால் வலி. தமிழில் பேசிக் குளிப்பாட்டுகிற, சோறு ஊட்டுகிற ஆட்கள் உள்ள இடம் வேண்டும் என்று அம்மாதான் முடிவெடுத்தாள்.

இதை விளக்கமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. "பெத்தவங்களை அங்க தள்ளிட்டு வீட்டுல வந்து உக்காந்துக்கிட்டா" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. என் கணவரை வீட்டோடு மாப்பிள்ளை என்கிறார்கள். ஐரோலியில் வாடகை வீட்டில் இருந்தோம். "பூட்டிப் போட்டா வீடு பாழாயிரும், வந்து விளக்கேத்துங்க" என்று அம்மா கூப்பிட்டாள், வந்தோம், அவ்வளவுதான். உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்கு, கட்டடத்தை நிர்வகிக்கிற சொசைட்டி கூடுதல் கட்டணம் போடலாம் என்றாலும், மகளோ மருமகனோ குடியிருந்தால் போடக் கூடாது என்று மகாராஷ்டிர அரசே 2001-ல் உத்தரவு போட்டிருக்கிறது. அரசாங்கத்துக்கு இருக்கிற தெளிவு சொந்தக்காரர்களுக்கு இல்லை.

அதைவிட என்னை வேதனைப்படுத்தியது நல்லெண்ணத்தோடு வந்த யோசனைதான். "அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும்போதே வீட்டைத் தானப் பத்திரமா எழுதி வாங்கிக்கோ. பிள்ளைகளுக்குன்னா முத்திரைத் தீர்வை 200 ரூபாய்தான்" என்றார் ஒருவர். தீர்வை விஷயம் உண்மைதான். ஆனால் கையில் இருப்பது பேனாவா கரண்டியா என்று தெரியாத மனிதரிடம் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் என்ன? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை 2007-ல் கொண்டுவந்தபோது, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால் அந்தப் பத்திரமே செல்லாது என்று அறிவிக்க 23-ஆவது பிரிவைச் சேர்த்தார்கள். எத்தனை வீட்டில் நடந்திருந்தால் அப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டிருக்கும்!

இன்னொரு விஷயம் எங்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. அப்பா தெளிவாக இருந்தபோது எனக்கு ஒரு பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். அதை நம்பி இருந்தோம். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவே சொல்கிறதாம். எதற்காக எழுதி வாங்கினோமோ அந்த நேரத்தில்தான் அது உதவாது. இப்போது கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு நடக்கிறது. 51 சதவீதம் பேர் சம்மதித்தால் போதும் என்று 2019-ல் விதியை மாற்றிவிட்டார்கள். வீடு அப்பா பெயரில். ஒப்பந்தத்தில் அவர் இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளராக நியமனம் வாங்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து, வீட்டை என்ன செய்ய ஆசைப்படுகிறார்கள் என்று கேளுங்கள். உயில் எழுதுவதைப் பற்றிப் பேசுங்கள். அபசகுனம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தது எங்கள் தப்பு.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று நான் செய்தேன். வந்த முதல் மாதம் அடுக்களை அலமாரியை ஒழித்தேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இருபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, அம்மா கையால் 'க.பருப்பு', 'வெ.உளுந்து', 'பெருங்காயம் - கட்டி' என்று எழுதியிருக்கும். மூடியெல்லாம் துருப்பிடித்திருந்தது. பழைய சாமான் வாங்குகிற பங்கார்வாலாவிடம் போட்டுவிட்டுப் புது டப்பா வாங்கி அடுக்கினேன். வீடியோ காலில் அம்மா பார்த்தாள். "பாட்டில் எல்லாம் எங்கட்டி?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி" என்றாள். அந்தச் 'சரி' இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே, செத்துப்போனவர்கள் வீட்டை ஒழிப்பதுபோல் அவர்கள் வீட்டை ஒழிக்கிறோம். இல்லத்துக்கு மாதாமாதம் கட்டப் பணம் வேண்டும் என்று வீட்டை விற்கிறவர்கள், வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு வார்த்தை கேட்க என்ன செலவாகிறது? இப்போது ஒரு திரைச்சீலை மாற்றுவதானாலும் அம்மாவுக்குக் காட்டுகிறேன். பாதிக்குப் பாதி "உன் இஷ்டம்" என்பாள். அப்பாவின் நாற்காலியை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தட்டுமா என்று கேட்டபோது மட்டும் "அது அங்கேயே கிடக்கட்டும்" என்றாள். கிடக்கிறது.

அடுத்த மாதம் குர்லாவில் கோயம்புத்தூர் வண்டி ஏறுகிறோம். என்ன எடுத்து வரட்டும் என்று கேட்டேன். அரிசி அளக்கிற பித்தளை உழக்கைக் கேட்டாள். "அங்க அரிசி அளக்கிற வேலை இல்லையேம்மா" என்றேன். "இருக்கட்டும், எடுத்துட்டு வா" என்றாள். அரிசி டப்பாவுக்குள் கிடந்ததை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துப் பையில் வைத்துவிட்டேன். இங்கே இப்போது டம்ளரால்தான் அரிசி அளக்கிறேன்.